புது மருந்துக்கு "இல்லை" என்று அரசு சொல்லலாமா? எந்தக் கணக்கை வைத்து?

தொடுவானம்:

பொதுப் பணத்தில் நடக்கும் மருத்துவ அமைப்புகளைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஒரு கட்டத்தில் யாராவது "இவர்கள் உயிருக்கு விலை போடுகிறார்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள், அதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அந்த இடத்திலிருந்து மேலே பேசலாம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஒரு நாடு இந்த ஆண்டு சுகாதாரத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்கிவிட்டது. நடுவில் புது மருந்து ஒன்று வருகிறது, சேர்த்தே ஆக வேண்டும் என்கிறார்கள், சேர்க்கிறார்கள். அதற்கான பணம் உள்ளேயிருந்துதான் எடுக்கப்படும். எங்கோ ஒரு வார்டில் நர்ஸ் இடம் காலியாகவே கிடக்கும், மனநல மருத்துவரைப் பார்க்கக் காத்திருக்கும் வரிசை இன்னும் நீளும், சர்க்கரை நோயாளிகளின் கண்ணைப் பரிசோதிக்கும் திட்டம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். பொருளாதாரத்தில் இதை வாய்ப்புச் செலவு என்பார்கள். மருந்து கிடைத்தவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். இழந்தவருக்கோ தான் எதையாவது இழந்தோம் என்பதே தெரியாது, அவருக்காக யாரும் மனு கொடுக்கப்போவதுமில்லை. ஒரு மருந்தோ சிகிச்சையோ கேட்கும் பணத்துக்குத் தகுமா என்று பார்க்கும் சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீடு என்ற இந்த வேலையே அந்தப் பெயர் தெரியாத ஆளுக்காகத்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

தெரியாதவர்களுக்காக முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு சிகிச்சை ஆயுளை எவ்வளவு நீட்டுகிறது, அந்த ஆயுளின் தரம் எப்படி இருக்கிறது, இரண்டையும் பெருக்கி ஒரே எண்ணாக்குகிறார்கள். முழு ஆரோக்கியத்தில் வாழும் ஓராண்டு என்றால் 1. இதற்குக் குவாலி என்று பெயர். பழைய சிகிச்சையைவிட 24,000 பவுண்டு கூடுதலாகச் செலவாகும் மருந்து, 0.6 தரத்தில் இரண்டு ஆண்டு ஆயுளைக் கூட்டினால் 1.2 குவாலி, அதாவது ஒரு குவாலிக்கு 20,000 பவுண்டு. இங்கிலாந்தில் எந்த மருந்தைப் பொதுச் சுகாதாரச் சேவையில் சேர்க்கலாம் என்று பரிந்துரைக்க 1999ல் தொடங்கிய நைஸ் அமைப்பு, நெடுங்காலம் ஒரு குவாலிக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை ஏற்கலாம் என்று வைத்திருந்தது. 2025 டிசம்பரில், அமெரிக்காவோடு செய்துகொண்ட மருந்து விலை உடன்பாட்டை ஒட்டி, அதை 25,000 முதல் 35,000 வரை உயர்த்தப்போவதாக அறிவித்தார்கள்.

என் கவலை இந்த இடத்தில்தான். அந்த 20,000, 30,000 எல்லாம் எங்கிருந்து வந்தது? யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் கிளாக்ஸ்டனும் அவர் குழுவும் 2015ல் வெளியிட்ட ஆய்வில், இங்கிலாந்தின் சுகாதாரச் சேவை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலைகளில் ஒரு குவாலி கிடைக்க ஏறக்குறைய 12,936 பவுண்டு ஆகிறது என்று கணக்கிட்டார்கள். அப்படியானால் 30,000 பவுண்டுக்கு ஒரு குவாலி வாங்கும்போது, வேறெங்கோ இரண்டுக்கு மேல் தொலைகிறது. 2024 இறுதியில் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு இன்னும் கடுமையானது: 2000 முதல் 2020 வரை நைஸ் பரிந்துரைத்த புது மருந்துகளால் கிடைத்தது 37.5 லட்சம் குவாலி, செலவு 7,510 கோடி பவுண்டு. அதே பணத்தை இருக்கும் சேவைகளில் போட்டிருந்தால் 50 லட்சம் கிடைத்திருக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு.

ஆகவே நைஸ் "இல்லை" என்று அதிகம் சொல்கிறது என்பவர்களிடம் நான் சொல்வது, போதுமான அளவு சொல்லவில்லை என்று. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வாருங்கள்.

மருந்தாளுநன்:

மருத்துவமனை மருந்துப் பிரிவில் பல வருடமாக வேலை செய்பவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். இந்தக் கணக்குக்கு வெளியே ஒரு தனிப் பெட்டி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல சாட்சி இங்கிலாந்தின் புற்றுநோய் மருந்து நிதி. நைஸ் மறுத்த மருந்துகளுக்காக 2010ல் அரசியல் வாக்குறுதியாக வந்தது. ஆண்டுக்கு 20 கோடி பவுண்டு என்று ஆரம்பித்தது கையை மீறிப் போய், 2016ல் மொத்தமாக மாற்றி அமைக்க வேண்டியதாயிற்று. அதற்குள் 127 கோடி பவுண்டு போய்விட்டது. பின்னர் 2017ல் ஒரு ஆய்வுக் குழு அந்த நிதியில் இருந்த 47 பயன்பாடுகளை எடுத்துப் பார்த்தால், ஆயுளைக் கூட்டியதற்குப் புள்ளியியல் ஆதாரம் இருந்தவை 18 மட்டும், அவற்றிலும் கிடைத்த கூடுதல் காலத்தின் இடைநிலை அளவு 3.1 மாதம்.

புற்றுநோயாளிகள் மேல் எனக்குக் குறைந்த அக்கறை என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த 127 கோடியில் கதிரியக்கச் சிகிச்சை இயந்திரங்கள் வந்திருக்கலாம், நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் ஸ்கேன் வசதிகள் வந்திருக்கலாம். பயன் பெற்றிருப்பவர்களும் புற்றுநோயாளிகள்தான்.

கயல்விழி:

தொடுவானம் சார், எல்லாம் சரி. 0.6 என்று ஒரு மனிதரின் வாழ்க்கைக்கு மதிப்பெண் போடுவது யார்? அதைத் தாண்டிவிட்டு நேராகப் பணத்துக்குப் போய்விட்டீர்களே.

எண்மதி:

கயல்விழி அக்கா கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன், இந்த மாதிரிக் கணக்குகள் போடுவதுதான் என் வேலை.

பரவலாகப் பயன்படும் வினாப்பட்டியலில் ஐந்தே கேள்விகள்: நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடிகிறதா, அன்றாட வேலைகள், வலி அல்லது அசௌகரியம், பதற்றம் அல்லது மனச்சோர்வு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிநிலை. மொத்தம் 3,125 விதமான உடல்நிலை வரும். நோயாளி தன் நிலை எது என்று குறிக்கிறார். அந்த நிலைக்கு எத்தனை மதிப்பு என்பதைச் சொல்வது பெரும்பாலும் நோயாளி இல்லை, பொதுமக்கள். "இந்த நிலையில் பத்து ஆண்டு வாழ்வதற்குப் பதிலாக முழு ஆரோக்கியத்தோடு எத்தனை ஆண்டு வாழ ஒத்துக்கொள்வீர்கள்?" என்ற மாதிரி கேட்டுக் கேட்டு எடுக்கிறார்கள். ஆறு ஆண்டு போதும் என்றால் 0.6. சில நிலைகளுக்கு மக்கள் சுழியத்துக்குக் கீழேயும் மதிப்புக் கொடுக்கிறார்கள், செத்துப்போவதே மேல் என்று பொருள்.

பொதுமக்களைக் கேட்பதற்குக் காரணம் வரிப்பணம் அவர்களுடையது என்பது. எனக்கு இதில் முழுத் திருப்தி கிடையாது. பார்வையில்லாமல் வாழ்வது எப்படி இருக்கும் என்று பார்வையுள்ளவர் கற்பனை செய்து சொல்வதும், அப்படி வாழ்ந்து பழகியவர் சொல்வதும் ஒன்றாக இருப்பதில்லை. பழகியவர்கள் தங்கள் வாழ்க்கைக்கு அதிக மதிப்புக் கொடுக்கிறார்கள் என்பது திரும்பத் திரும்பப் பார்த்த ஒன்று.

மணிமாறன்:

எண்மதி சொன்ன கடைசி வரியில்தான் என் பிரச்சினை முழுவதும் இருக்கிறது, நீங்கள் அதை ஒரு குறிப்பு மாதிரி சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

நான் சக்கர நாற்காலியில் இருப்பவன். எனக்கும் நடக்க முடிகிற இன்னொருவருக்கும் ஒரே நிமோனியா வருகிறது, ஒரே மருந்து இருவரையும் பிழைக்க வைக்கிறது, இருவரும் மேலும் பத்து ஆண்டு வாழ்கிறோம். உங்கள் பட்டியல்படி என் பத்து ஆண்டு ஆறோ ஏழோ, அவருடையது பத்து. மருந்து என் காலைச் சரி செய்யவில்லை என்பதற்காக என் உயிர் மலிவாகிறது. நடைமுறையில் இப்படி ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியாகப் பார்த்து மறுப்பதில்லை, மருந்து வாரியாகத்தான் முடிவு எடுக்கிறார்கள் என்று சொல்வீர்கள். சரி, ஊனத்தோடு வாழ்பவர்களுக்கு மட்டுமே வரும் நோய்க்கான மருந்து என்றால்? அப்போது எங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தானே குறைகிறது.

இது என் மனக்குறை மட்டும் அல்ல. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலம் ஏழைகளுக்கான மருத்துவத் திட்டத்தில் எதைச் சேர்ப்பது என்று சிகிச்சைகளை வரிசைப்படுத்தியபோது, 1992ல் ஒன்றிய அரசு அதை ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தைக் காட்டித் திருப்பி அனுப்பியது. 2010ல் வந்த சுகாதாரச் சீர்திருத்தச் சட்டத்தில், அங்கே ஆய்வுக்காக அமைத்த நிறுவனம் ஒரு குவாலிக்கு இத்தனை டாலர் என்று வரம்பு வைக்கவே கூடாது என்று எழுதிவைத்தார்கள். பெயர் தெரியாத ஆளுக்காகப் பேசுகிறேன் என்கிறீர்கள் தொடுவானம் சார். நான் பெயர் தெரிந்த ஆள். எனக்கு என்ன பதில்?

தொடுவானம்:

மணிமாறன், நேராகக் கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன். ஆயுளை நீட்டும் மருந்துகளில், நீட்டிய ஒவ்வொரு ஆண்டையும் எல்லாருக்கும் ஒரே மதிப்பாக எண்ண வேண்டும். அப்படி எண்ணும் முறை இருக்கிறது, அமெரிக்காவில் அரசு சாராத மதிப்பீட்டு நிறுவனம் ஒன்று குவாலிக்குப் பக்கத்திலேயே அந்த எண்ணையும் போட்டுக் காட்டுகிறது. தரத்தை எடை போடுவது வலியைக் குறைக்கும், நடமாட்டத்தைத் திருப்பிக் கொடுக்கும் சிகிச்சைகளுக்குத் தேவை. அது இல்லாவிட்டால் மூட்டு மாற்று அறுவை மாதிரி ஆயுளைக் கூட்டாத, ஆனால் வாழ்க்கையையே மாற்றும் சிகிச்சை எல்லாம் பயன் சுழியம் என்று வரும். அதில் இழப்பவர்களும் பெரும்பாலும் ஊனத்தோடு வாழ்பவர்கள்தான்.

குவாலியே வேண்டாம் என்று ஜெர்மனி நடத்துகிறது. 2011 முதல், புது மருந்து பழையதைவிடக் கூடுதல் பயன் தருகிறதா, எந்த அளவு, என்று தரம் பிரித்து அதை வைத்து விலை பேசுகிறார்கள். நார்வே நோயின் கடுமையைத் தனியாக எடை போடுகிறது: நோய் இல்லாவிட்டால் கிடைத்திருக்கக்கூடிய நல்ல ஆண்டுகளில் எத்தனை பறிபோகிறது என்று பார்த்து, அதிகம் இழப்பவருக்கு அதிகம் செலவழிக்கலாம் என்கிறது. நைஸும் 2022ல் அந்தப் பக்கம் நகர்ந்து, கடுமையான நோய்களில் கிடைக்கும் குவாலியை 1.2 அல்லது 1.7 மடங்காக எண்ணுகிறது.

ஆனால் ஒன்று. அமெரிக்கச் சட்டம் வரம்பைத் தடை செய்ததால் அங்கே ஊனமுற்றவர்களுக்கு மருந்து தாராளமாகக் கிடைக்கிறதா? மறுப்பு காப்பீட்டு நிறுவனத்தின் கடிதத்தில் வருகிறது, நோயாளி கையிலிருந்து கட்ட வேண்டிய பங்காக வருகிறது. அதற்குக் கூட்டக் குறிப்பு கிடையாது, மேல்முறையீட்டில் எதை எதிர்த்து வாதாடுவது என்பது கூடப் பல சமயம் தெளிவாகத் தெரியாது.

மணிமாறன்:

ஒவ்வொரு ஆண்டும் சமம் என்பதை நீங்கள் ஒத்துக்கொண்டதைக் குறித்துக்கொள்கிறேன். பக்கத்தில் போட்டுக் காட்டினால் போதாது, முடிவை அது மாற்ற வேண்டும். ஓரிகன் வரிசை பற்றி யாராவது விரிவாகச் சொன்னால் நல்லது, எனக்குத் தெரிந்தது அந்தத் தடை மட்டும்தான்.

எண்மதி:

1990ல் வந்த முதல் வரிசை. செலவையும் பயனையும் மட்டும் வைத்துக் கணினி போட்ட பட்டியலில், குடல்வால் அறுவைக்கு மேலே பல்லுக்குக் கவசம் போடும் சிகிச்சை வந்து உட்கார்ந்தது. பல் சிகிச்சை மலிவு, ஒரே செலவில் ஏராளமானவர்களுக்குச் செய்யலாம், சிறு சிறு பயன்களைக் கூட்டினால் பெரிய எண் வரும். கூட்டினால் அப்படித்தான் வரும், ஆனால் அறுவை செய்யாவிட்டால் செத்துப்போகிற ஒருவர் முன்னால் நிற்கும்போது எந்தச் சமூகமும் அப்படிக் கூட்டிப் பார்க்காது. கண்ணெதிரே சாகிறவரைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்ற இந்த உந்துதலை மீட்பு விதி என்று மருத்துவ அறவியல் அறிஞர் ஆல்பர்ட் ஜான்சன் 1986லேயே பெயர் வைத்து எழுதியிருந்தார். ஓரிகன் அந்தப் பட்டியலை விட்டுவிட்டு, மக்கள் கருத்தையும் மருத்துவர்களின் தீர்ப்பையும் சேர்த்துத் திருத்தி, 1994ல்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

இதில் நான் எடுத்துக்கொள்வது: எண் ஒரு சாட்சி, தீர்ப்பு சொல்ல ஆட்கள் வேண்டும்.

அருவி:

என் மகளுக்கு அரிய வகை தசை நோய். நான் இங்கே எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், இரக்கம் கேட்டு எழுதவில்லை.

முதுகுத்தண்டு தசைச் சிதைவுக்கு சோல்ஜென்ஸ்மா என்று ஒரே ஊசி. 2019ல் அமெரிக்காவில் வந்தபோது விலை 21 லட்சத்து 25 ஆயிரம் டாலர். இங்கிலாந்தில் பட்டியல் விலை 17.9 லட்சம் பவுண்டு, 2021ல் ரகசியத் தள்ளுபடியோடு சுகாதாரச் சேவை வாங்க ஒத்துக்கொண்டது. மிக அரிய நோய்களுக்கு நைஸ் தனி வழி வைத்திருப்பதால்தான் அது முடிந்தது. அங்கே வரம்பு ஒரு லட்சம் பவுண்டு, பயன் மிகப் பெரிதாக இருந்தால் மூன்று லட்சம் வரை. தொடுவானம் சொல்வது மாதிரி 12,936 என்று எல்லாருக்கும் ஒரே கோடு போட்டிருந்தால் ஒரு குழந்தைக்குக் கூட கிடைத்திருக்காது. உட்காரவே முடியாமல் போயிருக்க வேண்டிய குழந்தைகள் இன்று உட்காருகிறார்கள்.

நோய் அரிதாக இருப்பது குழந்தையின் குற்றமா? நோயாளிகள் குறைவு என்பதால் விலை ஏறுகிறது, விலை ஏறுவதால் வரம்பைத் தாண்டுகிறது, தாண்டுவதால் மறுப்பு. எங்கள் டாக்டர் ஒருமுறை "இந்த மருந்தைப் பற்றி நீங்கள் படிக்காமல் இருப்பதே நல்லது" என்றார். நல்ல மனிதர், எங்களுக்கு ஏக்கம் வேண்டாம் என்று நினைத்துச் சொன்னார். ஆனால் எது இருக்கிறது, எதைத் தர மறுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது எங்கள் உரிமை.

தொடுவானம்:

அருவி அக்கா, உங்கள் குழந்தைக்கு வரும் மருந்துக்கு எதிராக வாதாடும் மனம் எனக்கு இல்லை, ஆனாலும் என் கருத்தை உங்களிடம் மறைத்தால் அது மரியாதை ஆகாது. கடுமையான நோய், குழந்தைப் பருவத்தில் வருவது, வேறு சிகிச்சை இல்லாதது, இவற்றுக்கு அதிக எடை கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். அரிதாக இருப்பது மட்டுமே தனிக் காரணமாக இருக்கக் கூடாது. அதே அளவு கடுமையான, ஆனால் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு வரும் நோய்க்கு மூன்று லட்சம் வரம்பு கிடையாதே, அந்தப் பெற்றோரிடம் என்ன சொல்வது?

அப்புறம் அந்த விலையையும் பாருங்கள். அரிய நோய்க்கு வரம்பு மூன்று லட்சம் என்று அறிவித்துவிட்டால், விலை அந்த மூன்று லட்சத்தை ஒட்டியே வரும். எந்த நாடும் இன்னொரு நாடு என்ன விலை கொடுத்தது என்று தெரியாமல் தனித்தனி அறையில் பேரம் பேசுகிறது. 2019ல் உலகச் சுகாதாரப் பேரவை மருந்து விலையில் வெளிப்படைத்தன்மை வேண்டும் என்று தீர்மானம் போட்டும், ரகசியத் தள்ளுபடிகள் அப்படியேதான் தொடர்கின்றன.

நீங்கள் கடைசியில் சொன்னதை முழுதாக ஏற்கிறேன். மறைக்கப்பட்ட மறுப்பு மிக மோசமானது.

மருந்தாளுநன்:

விலை பற்றிப் பேசும்போது கல்லீரல் அழற்சி சி மருந்தை விட்டுவிடக் கூடாது. சோபோஸ்புவிர், 2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி, 12 வாரத்துக்கு 84,000 டாலர். தயாரிப்புச் செலவு அதே 12 வாரத்துக்கு 68 முதல் 136 டாலர்தான் ஆகும் என்று 2014ல் ஒரு குழு கணக்குப் போட்டுக் காட்டியது.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்தப் பெரிய விலையிலும் மருந்து குவாலிக் கணக்கில் தேறியது, ஏனென்றால் நோய் குணமாகிறது. ஆனால் நோயாளிகள் லட்சக்கணக்கில். ஒவ்வொருவருக்கும் லாபமான பேரம், எல்லாருக்கும் சேர்த்துக் கட்ட முடியாத ரசீது. இங்கிலாந்தில் நைஸ் சரி என்று சொல்லியும் நோயாளிகள் காத்திருந்தார்கள். 2017ல், முதல் மூன்று ஆண்டுகளில் ஏதாவது ஓராண்டில் 2 கோடி பவுண்டைத் தாண்டும் மருந்து என்றால் தனியாக விலை பேசலாம், மெதுவாகச் சேர்க்கலாம் என்று விதி கொண்டுவந்தார்கள். ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. ஐந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 100 கோடி ஆஸ்திரேலிய டாலர் மொத்தமாகத் தருகிறோம், எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுப்போம் என்று ஒப்பந்தம். அதிகமானவர்களுக்குச் சிகிச்சை கொடுக்கக் கொடுக்க ஒருவருக்கான விலை இறங்கும். மருத்துவர்களுக்கு நோயாளிகளைத் தேடிப் போக ஊக்கம் வந்தது. நான் பார்த்தவரை மிக நல்ல ஏற்பாடு இதுதான்.

நெய்தல்:

இங்கே இங்கிலாந்துதான் திரும்பத் திரும்ப வருகிறது. அதைவிடக் கற்றுக்கொள்ள வேண்டிய நாடு தாய்லாந்து என்பேன்.

2002ல் தாய்லாந்து, ஒருமுறை மருத்துவமனை போனால் 30 பாட் கட்டினால் போதும் என்று எல்லாருக்குமான திட்டத்தைக் கொண்டுவந்தது. டயாலிசிஸ் அதில் இல்லை, செலவு தாங்காது என்று விட்டுவிட்டார்கள். அரசு ஊழியர்களுக்கும் தொழிலாளர் காப்பீட்டில் இருப்பவர்களுக்கும் கிடைத்தது, மீதி மக்களுக்கு, அதாவது நாட்டின் பெரும்பான்மைக்கு, சிறுநீரகம் செயலிழந்தால் நிலத்தை விற்க வேண்டும் அல்லது சாக வேண்டும். நோயாளிகள் சங்கமாகக் கூடிப் போராடினார்கள். ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள்: இயந்திரத்தில் செய்யும் ரத்த டயாலிசிஸ், வயிற்றுக்குள் திரவம் விட்டுச் செய்யும் வயிற்றறை டயாலிசிஸ், இரண்டுமே அந்நாட்டு வரம்பைப் பல மடங்கு தாண்டின. கணக்கை மட்டும் கேட்டிருந்தால் பதில் "இல்லை".

ஆனால் 2008ல் அரசு சேர்த்தது. குடும்பங்கள் ஓட்டாண்டியாவதைத் தடுப்பதும் இந்தத் திட்டத்தின் நோக்கம், ஒரே நாட்டில் ஒருவருக்குக் கிடைப்பது இன்னொருவருக்குக் கிடைக்காமல் இருப்பது நியாயமில்லை, இந்த இரண்டு காரணங்கள். கணக்கைக் குப்பையில் போடவும் இல்லை. இரண்டில் செலவு குறைவான வயிற்றறை டயாலிசிஸ்தான் முதலில் என்று விதி வைத்தார்கள். வீட்டிலேயே செய்துகொள்ளலாம், மருத்துவமனை இருக்கும் நகரத்துக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பயணம் வேண்டாம், திரவப் பைகள் அஞ்சல் துறை வழியாக வீடு தேடி வந்தன. நர்ஸ்களுக்குப் பயிற்சி, மொத்தக் கொள்முதல் விலை எல்லாம் அதோடு சேர்ந்து வந்தது. 2022ல் நோயாளியே எது வேண்டும் என்று தேர்ந்துகொள்ளலாம் என்று விதியை மாற்றினார்கள், அதற்குப் பிறகு ரத்த டயாலிசிஸ் பக்கம் கூட்டம் கூடியது, செலவும் கூடியது.

இன்னொன்று கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி. 2007ல் தொடங்கிய அவர்களுடைய ஹைடாப் மதிப்பீட்டு நிறுவனம், அப்போது சொன்ன விலைக்கு வாங்க வேண்டாம், பரிசோதனைத் திட்டத்தை முதலில் பலப்படுத்துங்கள் என்றது. விலை இறங்கியது. 2017ல் நாடு முழுக்கத் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். "இல்லை" என்பது "இந்த விலைக்கு இல்லை" என்றும் இருக்கலாம். அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் தடுப்பூசி கிடைக்காத பெண்களையும் நான் மறக்கவில்லை, அது உண்மையான விலை, யாரோ கொடுத்த விலை.

கயல்விழி:

இந்தப் பதிலுக்காகத்தான் காத்திருந்தேன் நெய்தல். கணக்குக்கு எதிராக முடிவெடுத்தாலும் காரணத்தைச் சொல்லி எடுத்தார்கள், பிறகு கணக்கையே வைத்து வழியையும் தேடினார்கள்.

நீதிமன்றங்கள் பற்றியும் யாராவது எழுதுங்களேன். மறுத்தால் வழக்குப் போடலாம்தானே?

நெய்தல்:

போடலாம், ஆனால் எங்கே நியாயம் கிடைக்கும் என்பது வழக்கைப் பொறுத்தது. தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 1997ல் சிறுநீரகம் செயலிழந்த ஒருவர் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் கேட்டு வந்தார். மருத்துவமனையில் இயந்திரம் குறைவு, மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியானவர்களுக்கே முன்னுரிமை என்று எழுதிவைத்த விதி இருந்தது, அதன்படி மறுத்திருந்தார்கள். விதி நியாயமானது, நேர்மையாகப் பின்பற்றியிருக்கிறார்கள், எனவே தலையிட மாட்டோம் என்றது நீதிமன்றம். அவர் சில நாளில் இறந்தார். 2002ல் தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவி பரவாமல் தடுக்கும் நெவிராபின் வழக்கு. அந்த மருந்தை நிறுவனமே ஐந்து ஆண்டுக்கு இலவசமாகத் தருவதாகச் சொல்லியிருந்தும், அரசு சில சோதனை இடங்களில் மட்டும் கொடுத்துவந்தது. நியாயமான காரணம் இல்லை, மற்ற அரசு மருத்துவமனைகளிலும் கொடுங்கள் என்று அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. நீதிபதிகள் இரண்டு இடத்திலும் மறுப்புக்குச் சொன்ன காரணத்தைத்தான் எடை போட்டார்கள்.

கொலம்பியாவில் ஆளாளுக்கு வழக்குப் போட்டு மருந்து வாங்கும் நிலை முற்றிப்போய், 2008ல் அரசியல் சாசன நீதிமன்றமே அமைப்பைத் திருத்தச் சொல்லித் தீர்ப்பு எழுதியது. வழக்கறிஞர் வைக்க முடிந்தவருக்கு மருந்து என்று ஆனால், வரிசை பணத்தின்படியும் படிப்பின்படியும் மாறிவிடும்.

எண்மதி:

ஏழை நாடுகள் பற்றி ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போகிறது. ஓர் ஆரோக்கிய ஆண்டுக்குத் தனிநபர் சராசரி வருமானத்தைப் போல் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை வரம்பு வைக்கலாம் என்ற வழக்கம் 2001 வாக்கில் உலகச் சுகாதார நிறுவனத்தின் வழியாகப் பரவியது. நூற்றுக்கணக்கான ஆய்வுகள் அதைப் பிடித்துக்கொண்டு இது லாபம், அது லாபம் என்று சொன்னன. எல்லாவற்றையும் வாங்க எந்த நாட்டிடமும் பணம் இல்லை. 2016ல் அந்நிறுவனத்தைச் சேர்ந்தவர்களே அதை முடிவெடுக்கும் விதியாகப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். மலாவியின் அடிப்படைச் சுகாதாரத் தொகுப்பை அமைக்க 2018ல் வெளியான ஆய்வு, அந்நாட்டின் உண்மையான பணத்தை வைத்துப் பார்த்தபோது, ஓர் ஆரோக்கிய ஆண்டு பறிபோவதைத் தடுக்க 61 டாலர் என்ற கோட்டுக்கு வந்தது. 61 டாலர். அதைத் தாண்டிய எதை வாங்கினாலும் மலாவியில் அதைவிட அதிக ஆரோக்கியம் இன்னொருவரிடமிருந்து போகிறது. நன்கொடை நாடுகள் தங்களுக்குப் பிடித்த நோய்க்கு மட்டும் பணம் கட்டிவிட்டு, கொஞ்ச காலம் கழித்து உள்ளூர் பட்ஜெட் ஏற்றுக்கொள்ளட்டும் என்று கிளம்பும்போது இந்த எண்ணை நினைத்தால் நல்லது.

மணிமாறன்:

மருந்து நிறுவனம் தரும் ஆதாரத்தை யார் சரிபார்க்கிறார்கள்?

எண்மதி:

இங்கிலாந்தில் பெரும்பாலும் நிறுவனமே செலவையும் பயனையும் முன்கணிக்கும் கணக்கைச் செய்து தருகிறது, பல்கலைக்கழகக் குழு ஒன்று அதைப் பிரித்துப் பார்க்கிறது. பிரச்சினை அதிகம் வரும் இடம், சோதனை ஒன்றரை ஆண்டு நடந்திருக்கும், கணக்கு முப்பது ஆண்டுக்கு ஓடும். நடுவில் உள்ளது முழுவதும் அனுமானம். கட்டி சுருங்கியது, ரத்தத்தில் ஒரு பொருள் குறைந்தது என்பதை வைத்து ஆயுள் கூடும் என்று எடுத்துக்கொள்வார்கள். மறைந்த செலவையும் பாருங்கள். மறதி நோய்க்கான லெகானெமாப் விஷயத்தில் நோய் முற்றுவது ஏறக்குறைய நாலு முதல் ஆறு மாதம் தள்ளிப்போகிறது என்று நைஸ் எடுத்துக்கொண்டது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனைக்கு வந்து நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும், மூளையில் வீக்கமோ ரத்தக் கசிவோ இருக்கிறதா என்று திரும்பத் திரும்ப எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். அந்த எம்ஆர்ஐ நேரம் வேறொரு நோயாளியிடமிருந்து எடுத்ததுதான். 2024ல் வந்த வரைவு "இல்லை" என்று சொன்னதில் இதற்கும் பங்கு உண்டு.

அருவி:

எல்லாரும் புதிதாக வருவதை மட்டுமே தராசில் வைக்கிறீர்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பது எதுவும் தேர்வு எழுதவில்லையே. என் மகளின் மருந்துக்குப் பணம் வேறொருவரிடமிருந்து வர வேண்டும் என்றால், பயனில்லாமல் செய்துகொண்டிருக்கும் சிகிச்சையிலிருந்து வரட்டுமே. அதை யார் தேடுகிறார்கள்?

தொடுவானம்:

அக்கா, இந்த இழையில் மிகச் சரியான கேள்வி இதுதான், பதில் சங்கடமானது: மிகக் குறைவாகத் தேடுகிறார்கள்.

தேய்ந்த மூட்டு வலிக்கு முழங்காலுக்குள் சின்னக் குழாய் விட்டுக் கழுவிச் சுத்தம் செய்யும் அறுவையை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரை வைத்து நடந்த ஒரு சோதனையின் முடிவு 2002ல் வெளியானது. சிலருக்கு உண்மையான அறுவை, சிலருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுத் தைத்துவிட்டார்கள். இரண்டு ஆண்டு வரை பார்த்தார்கள், வித்தியாசம் இல்லை. இங்கிலாந்தில் இதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று தேசிய அளவில் பட்டியலில் ஏற்றியது 2018ல். முதல் பட்டியலில் மொத்தம் 17 சிகிச்சைகள்தான், அதில் வழக்கமாகச் செய்யவே கூடாது என்று வைத்தவை நாலு. குறட்டைக்கான அறுவையும் காரணம் தெரியாத முதுகு வலிக்கான ஊசியும் அந்த நாலில் வரும். நிறுத்துவதற்கு மனுவோ ஊர்வலமோ வராது, அதைச் செய்து பழகியவர்கள் எதிர்ப்பார்கள், ஏற்கெனவே அந்தச் சிகிச்சையை எடுத்துக்கொண்டு சரியாகிவிட்டது என்று நம்புகிற நோயாளிகளும் எதிர்ப்பார்கள்.

நான் கேட்பது இதுதான். எந்த நாட்டு மதிப்பீட்டு அமைப்பாக இருந்தாலும், புது மருந்து ஒன்றைச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் அதே ஆவணத்தில், அதே பக்கத்தில், இதற்கான பணம் எந்தச் சேவையிலிருந்து வருகிறது, எதை நிறுத்துகிறோம் என்று எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால், தெரியாது என்று எழுத வேண்டும். மணிமாறன் கேட்ட சம ஆண்டுக் கணக்கும் அங்கேயே இருக்கட்டும். கூட்டத்தில் நோயாளிகள் இருவர் உட்கார்வது போதாது, அந்தப் பணத்தை இழக்கப்போகும் பிரிவிலிருந்தும் ஒருவர் உட்கார வேண்டும்.

அருவி:

நிறுத்தும் பட்டியலைத் தயாரிக்கும் கூட்டத்தில் எங்களையும் கூப்பிடட்டும். எதனால் பயன் இல்லை என்று எங்களுக்கும் தெரியும்.